படையிலிருந்து ராட்டைக்கு வந்தவர்

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றிச் சென்று வரும் நம் அங்கத்தினர்கள், அங்கே நிற்கும் மகாயுத்த நினைவுச் சின்னத்தைக் கண்டிருப்பார்கள். கண்டவர் பலர், நின்று படித்தவர் சிலரே. 1914 முதல் 1919 வரையிலான யுத்தத்துக்கு அந்நகரிலிருந்து 302 பேர் சென்றார்கள் என்றும், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்றும் அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. கல் சொல்லுவது அவ்வளவே. 302இல் 41ஐக் கழித்தால் மிஞ்சும் 261 பேர் ஊர் திரும்பி என்ன செய்தார்கள், எந்தத் தொழிலைப் பிடித்தார்கள், யாரை மணந்து எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. இறந்தவர்களை நினைப்பதற்குக் கல் நாட்டுவது உலக வழக்கம். பிழைத்து வந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர்களுக்குக் கல் நாட்டுவார் எவருமிலர்.

நம் பூலாம்பாடி அக்காலத்தில் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ஆம் ஆண்டில்தான். பச்சைமலை அடிவாரத்து ஊர்க்காரர்களுக்குக் கடல் கடந்து போவது புதிதன்று. மலேயா, சிங்கப்பூர் என்று பிழைப்புக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருவராவது உண்டு. முதல் யுத்தமாயினும் சரி, இரண்டாவது யுத்தமாயினும் சரி, படைக்குப் போய்த் திரும்பிய முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்ததை மூத்த அங்கத்தினர்கள் தம் சிறு வயதில் பார்த்திருக்கக்கூடும். அவரிடம் பஸ்ராவைப் பற்றியும் பர்மாவைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அவருடைய தறியைப் பற்றியும், காட்டைப் பற்றியும், கடையைப் பற்றியும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது அங்கேதானே!

அப்படித் திரும்பி வந்தவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் நமக்கு விரிவாகத் தெரிகிறது. அவர் எழுதத் தெரிந்தவராக இருந்ததே அதற்குக் காரணம். கோவை அ. அய்யாமுத்து அவர்கள் தம் வரலாற்றை ‘எனது நினைவுகள்’ என்னும் பெயரால் எழுதி 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரைத் தேச பக்தர் என்றும், நாடக ஆசிரியர் என்றும் பிறர் எழுதியிருக்கிறார்கள். பருத்தி விளைவிப்போரும் நெசவாளரும் படிக்கும் இம்மாதப் பத்திரிகையில் அவரை நாம் நினைவுகூர வேண்டியது வேறொரு காரணத்துக்காக. படைப் பணியும் சிறைவாசமும் அவர் வாழ்வில் சில ஆண்டுகளே. நூலும் துணியும் நிலமும்தான் எஞ்சிய காலமெல்லாம். அந்த நீண்ட பகுதி நமக்குச் சொந்தமானது.

1898ஆம் ஆண்டு டிசம்பரில், காங்கேயம் பக்கத்திலுள்ள பரஞ்சேர்வழி என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். காங்கேயம் காளைகளைச் சந்தையில் கண்டு வியந்திருக்கும் நம் விவசாயிகள், அக்காளைகள் வளரும் பூமியைக் கண்டால் வியப்பு இரட்டிக்கும். மழை குறைந்த மேட்டுக்காடு. முள்வேலி கட்டிய கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். ஆழக் கிணற்றில் சொற்ப நீர். நம் வேப்பந்தட்டைப் பக்கத்துக் கரிசலுக்கும் அந்தச் செவ்வல் மேட்டுக்கும் மண்ணில் ஒற்றுமையில்லை. மழையை அண்ணாந்து பார்த்திருக்கும் கண்களில் ஒற்றுமை உண்டு. அவ்விதமான ஊர்களிலிருந்து வாலிபர்கள் யுத்தத்துக்குப் போனதற்கு இராஜ விசுவாசம் காரணம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். மாதம் பிறந்தால் கையில் விழும் சம்பளமும் காரணம் என்று நாம் சொன்னால் தவறாகாது.

அய்யாமுத்து படைப் பணியில் சேர்ந்து மெசபடோமியா சென்றார். இன்றைய இராக் தேசந்தான் அது. அந்தப் போர்முனையைப் பற்றி நம் பாடப் புத்தகங்களில் அதிகம் இல்லை. ஆயினும் முதல் யுத்தத்தில் இந்தியர்கள் மிகுதியாகச் சென்ற இடம் அதுவே. 1914 நவம்பரில் பஸ்ராத் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கிருந்து டைக்ரிஸ் ஆற்றின் வழியே மேலேறிய சேனை, கூட் என்னுமிடத்தில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டு, உணவின்றி வாடி, 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்தது. மறு சேனை சென்று 1917 மார்ச்சில் பாக்தாத்தைப் பிடித்தது. இந்தியாவிலிருந்து அப்போர்முனைக்குப் போனவர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இவர்களில் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு ஈடான தொகையினர் துப்பாக்கி ஏந்தாதவர்கள். படகு செலுத்தியோர், மூட்டை சுமந்தோர், ரயில் பாதை போட்டோர், சமைத்தோர், துணி வெளுத்தோர், கிடங்குக் கணக்கு எழுதினோர் என்று ஒரு தேசமே அங்கு பெயர்ந்திருந்தது. கூட்டில் சேனை தோற்றதற்கு வீரக் குறைவு காரணமன்று. மூட்டை போய்ச் சேராதது காரணம். சரக்கு வேண்டிய நாளில் வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது, பஞ்சு வராமல் நின்ற ராட்டைக்கும் நூல் வராமல் நின்ற தறிக்கும் பொருந்தும். இது நம் கருத்து. அவர் அவ்வாறு எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை.

அவர் திரும்பி வந்த நாடு, விட்டுச் சென்ற நாடாக இருக்கவில்லை. யுத்தம் முடிந்த கையோடு விஷக் காய்ச்சல் ஊர்களைக் காலி செய்திருந்தது. அரிசி விலையும் துணி விலையும் ஏறியிருந்தன. பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை 1919இல் நடந்தது. அடுத்த ஆண்டு காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்தபோது சட்டையையும் குல்லாயையும் களைந்து, அரையில் ஒரு துண்டோடு நின்றார். ஏழைக்கு முழுத் துணி வாங்க வகையில்லை என்பதுதான் அவர் கூறிய காரணம். சர்க்கார் சீருடை அணிந்து வந்த வாலிபர்களில் பலர் அந்நாட்களில் கதர் அணிந்தனர். அய்யாமுத்துவும் அவர்களில் ஒருவரானார். அணிந்ததோடு நில்லாமல், கதரையே தம் தொழிலாகக் கொண்டார் என்பதில்தான் அவர் மற்றவரினின்று வேறுபட்டார்.

இடையில் வைக்கம் வந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1924 மார்ச் 30இல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்ரலில் ஈ.வெ. ராமசாமிப் பெரியார் அங்கு சென்று போராட்டத்தை ஏற்று நடத்தினார். அய்யாமுத்துவும் சென்று மேடைகளில் பேசிச் சிறைப்பட்டார். ஒரு தெருவில் மனிதர் நடப்பதற்காக மனிதர் சிறை செல்ல வேண்டியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வெளிவரத் தொடங்கியபின், அதில் எழுதியவர்களில் அய்யாமுத்துவும் உண்டு. அமெரிக்கப் பெண்மணி காதரின் மேயோ நம் நாட்டின் குறைகளை எடுத்துக் காட்டி 1927இல் எழுதிய புத்தகம் நாடெங்கும் கோபத்தைக் கிளப்பியது அல்லவா? அது குறித்து அவர் எழுதிய ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்னும் நூல் 1929இல் வந்தது. தலைப்பே கேள்வியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அயலார் சொன்னார் என்பதற்காக ஒரு குற்றச்சாட்டைத் தள்ளிவிடாமல் விசாரித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் அந்நாளில் அதிகமில்லை.

பெரியாரும் ஒரு காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவரே. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டிலிருந்து வெளியேறி அவர் காங்கிரசை விட்டார். பின்னர் கதரையும் விட்டார். அய்யாமுத்து பெரியாரிடம் கொண்ட மதிப்பை விடவில்லை; ராட்டையையும் விடவில்லை. இவ்விரண்டையும் ஒருவர் ஒன்றாக வைத்திருக்க முடியுமா என்று இரு தரப்பாரும் ஐயுற்றிருப்பார்கள். தோளில் துணி சுமப்பது நம் நாட்டில் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1953இல் நெசவாளர் துயரம் உச்சத்திலிருந்தபோது அண்ணா அவர்கள் கைத்தறித் துணியைத் தோளிலிட்டுத் திருச்சி வீதிகளில் கூவி விற்றார்.

இனி, அவருடைய தொழிலுக்கு வருவோம்.

காந்தியடிகள் 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தில் அங்கத்தினராவதற்குச் சந்தாப் பணம் கட்ட வேண்டியதில்லை. தம் கையால் நூற்ற நூல் மாதம் ஆயிரம் கெஜம் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அதன் தலைமை நிலையம் திருப்பூரில் இருந்தது. அய்யாமுத்து அதன் தமிழ்நாட்டுக் கிளையின் காரியதரிசியாகப் பொறுப்பு வகித்தார். கதர் சங்கக் காரியதரிசி என்றவுடன் மேடையில் மாலையுடன் அமர்ந்திருப்பவர் ஒருவரை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்துகொள்ளக்கூடும். அவ்வேலையின் தன்மையை அறிந்தால் அக்கற்பனை கலைந்துவிடும்.

பருத்தியைக் கொள்முதல் செய்ய வேண்டும். உப்பம், கருங்கண்ணி, கம்போடியா என்று இழை நீளம் வேறுபடும். எந்தப் பஞ்சு எந்த நம்பர் நூலுக்கு ஏற்றது என்று தெரிந்திருக்க வேண்டும். கொட்டை நீக்கி, வில்லடித்து, பட்டை போட்டு, அதை ஊர் ஊராக நூற்போர் வீடுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டும். நூற்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் விதவைகளும், காட்டு வேலைக்குப் போக இயலாத முதியவர்களும் அதிகம். நூல் சிட்டங்களாகத் திரும்பி வரும்போது எடை போட்டு, நம்பர் பார்த்து, முறுக்கும் பலமும் சோதித்துக் கூலி தர வேண்டும். பிறகு அதை நெசவாளரிடம் கொடுத்துத் துணியாக வாங்கி, வெளுத்து, சாயமிட்டு, விற்பனை நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால், கடைசியில் பட்டினி கிடப்பது சங்கமன்று. ராட்டை நிறுத்திவிட்ட அம்மூதாட்டி.

இதில் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதை நம் நெசவாளர்கள் எளிதில் உணர்வார்கள். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தல் என்றால் 16,800 கெஜம். பழகிய கை மணிக்கு 350 கெஜம் நூற்பதாகக் கொண்டால் 48 மணி நேரம் ஆகிறது. அதாவது நாளொன்றுக்கு எட்டு மணியாக முழுதாக ஆறு நாள். ஒரு வேட்டிக்கு வேண்டிய நூல் ஏறத்தாழ அவ்வளவு. வேட்டியை விலை கேட்டுவிட்டு “ஆலை வேட்டி இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே” என்று கூறிச் செல்லும் கனவான், யாரோ ஒரு பெண்ணின் ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

விலையை இறக்கினால் துணி விற்கும், நூற்பவள் பட்டினி. கூலியை ஏற்றினால் அவள் உண்பாள், துணி தேங்கும். தேங்கினால் அடுத்த மாதம் அவளுக்கு வேலையில்லை. 1935இல் காந்தியடிகள் இச்சிக்கலை நேரே கையில் எடுத்தார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மேலே கண்ட கணக்கின்படி எட்டணா வீதம் ஆறு நாளுக்கு 48 அணா, அதாவது ராத்தலுக்கு நூற்புக் கூலி மட்டும் மூன்று ரூபாய். பஞ்சு, நெசவு, வெளுப்பு, கடை வாடகை எல்லாம் அதற்கு மேல். அக்காலத்து மூன்று ரூபாயை நினைத்துப் பார்த்தால், சங்கத்து நிர்வாகிகள் திகைத்ததில் வியப்பில்லை. எட்டணாவை எட்ட முடியவில்லை. ஆயினும் ஜீவனத்துக்கு ஏற்ற கூலி என்பதைச் சங்கம் கொள்கையாக ஏற்றது, கூலி உயர்ந்தது, துணி விலையும் கூடவே உயர்ந்தது. கதரை மலிவாக்குவதே தொண்டு என்று அதுவரை எண்ணியிருந்த ஊழியர்களுக்கு இது பெரிய திருப்பம். வாங்குகிறவருடைய பையைப் பார்ப்பதா, நூற்கிறவளுடைய பானையைப் பார்ப்பதா என்ற கேள்வியில், பானையின் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதே 1935இல்தான் சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுத் தலைமைச் சங்கமும் தோன்றியது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் வழங்குவது அதனையே. ஒரே ஆண்டில் நூற்போருக்கும் நெய்வோருக்கும் இப்படி இரு வேறு முனைகளில் முயற்சி நடந்தது தற்செயலாக இருக்கலாம். நெருக்கடி ஒன்றேயாதலால் தற்செயலன்று என்றும் கொள்ளலாம்.

நெசவாளர் தரப்பையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கை நூல் ஒரு சீராக இராது. ஒரே சிட்டத்தில் தடிப்பும் மெலிவும் கலந்து வரும். பாவோட்டும்போது அறும், கஞ்சி போட்டுக் காய்ந்தபின் அறும், தறியில் ஏறிய பின்னும் அறும். அறுந்த இழையை முடியும் நேரத்துக்கு யார் கூலி தருவார்? ஆலை நூலில் ஆறு கெஜம் நெய்யும் பொழுதில் கை நூலில் நாலு கெஜம் நெய்வது கடினம் என்று நெசவாளர் கூறினால் அது சோம்பலன்று. ஜெயங்கொண்டத்துத் தறிக்காரரைக் கேட்டாலும் இதையே சொல்வார். கதர் இயக்கத்து வரலாறுகளில் நூற்பவளுக்குக் கிடைத்த இடத்தில் பாதியும் நெசவாளருக்குக் கிடைக்கவில்லை என்பது நம் நெடுநாள் மனக்குறை.

இத்தனை நுட்பங்களையும் கிராமத்து ஊழியர்களுக்கும் நூற்போருக்கும் சொல்லித் தர ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. அய்யாமுத்து ‘குடிநூல்’ என்னும் பெயரில் கதர்ப் பணிக்கென்று ஒரு பத்திரிகையை நடத்தினார். குடி என்பது குடும்பத்தையும் குடிமக்களையும் குறிக்கும். நூல் என்பது இழையையும் புத்தகத்தையும் குறிக்கும். நான்கெழுத்தில் ஒரு திட்டத்தையே அடக்கிய பெயர். ஊர் மக்களின் தொழிலுக்கென்று தனியே ஒரு பத்திரிகை நடத்துவது எவ்வளவு கடினம் என்பது, இப்பத்திரிகையின் சந்தாப் பாக்கிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குடும்பம் என்றதும் கோவிந்தம்மாள் அவர்களை நினைக்க வேண்டும். அய்யாமுத்துவின் மனைவியாராகிய அவர் வீட்டோடு நின்றுவிடாமல் கதர்ப் பணியிலும் தேசிய இயக்கத்திலும் கணவருடன் பங்கு கொண்டவர். பொது வாழ்வில் இறங்கிய ஆடவரைப் பற்றி எழுதுகிறவர்கள் “அவருக்கு வாய்த்த மனைவி” என்று ஒரு வாக்கியம் எழுதி முடித்துவிடுவார்கள். கணவன் சிறையிலிருக்கும் மாதங்களில் அடுப்பு எரிந்தது எப்படி என்று கேட்பதில்லை. அந்நாளைய கதர்ப் புடவை என்ன கனம் கனக்கும் என்பதையும் ஆடவர் அறியமாட்டார்கள். நனைந்துவிட்டால் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். உலர்வதற்கு ஒரு பகல் வேண்டும். மேடையில் கதர் அணியச் சொல்லுவது எளிது. கிணற்றடியில் அதைத் துவைத்தவர்கள்தாம் அவ்வியக்கத்தின் பாரத்தைச் சுமந்தார்கள் என்று சொன்னால் மிகையன்று. கணவனும் மனைவியும் ஒரே தொழிலை ஒரே கொள்கையாக மேற்கொண்ட குடும்பம் அது. நம் நெசவாளர் வீடுகளில் இதில் புதுமை ஒன்றுமில்லை. அங்கே தறியில் கணவன் அமர்ந்தால் தார் சுற்ற மனைவி அமர்கிறாள். கூலிப் புத்தகத்தில் மட்டும் ஒருவர் பெயர்தான் இருக்கும்.

அவர் நாடகங்களும் எழுதினார். ‘இன்பசாகரன்’ என்னும் நாடகம் நவாப் ராஜமாணிக்கம் குழுவினரால் மேடையேறியது. 1947இல் வெளிவந்த ‘கஞ்சன்’ என்னும் திரைப்படத்துக்குக் கதையும் வசனமும் அவருடையவை. கலை விஷயங்களில் தீர்ப்புக் கூற நமக்குத் தகுதி இல்லை. பணத்தைப் புதைத்து வைப்பவனைப் பற்றிய கதையைக் கதர்க்காரர் ஒருவர் எழுதியது பொருத்தமே என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சுதந்திரம் வந்தது. கதருக்கு வந்ததோ வேறு வகைச் சோதனை. 1945லேயே காந்தியடிகள், கதர் வாங்குவோர் விலையில் ஒரு பகுதியை நூலாகக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சங்கத்தில் கொண்டு வந்திருந்தார். விற்பனைப் பெருக்கமன்று, ஊர் தன் துணியைத் தானே செய்துகொள்வதே நோக்கம் என்பது அதன் பொருள். அது வேரூன்றவில்லை. சர்க்கா சங்கம் 1953இல் சர்வ சேவா சங்கத்தோடு இணைந்தது. 1957இல் கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டபூர்வமாக அமைந்தது. தள்ளுபடியும் மானியமும் வந்தன. கூலியை நிர்ணயிக்கும் இடம் திருப்பூரிலிருந்து தொலைதூரம் சென்றது.

இங்கே கூட்டுறவாளராகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கா சங்கம் எவ்வளவோ நன்மை செய்தது; ஆனால் அது கூட்டுறவுச் சங்கமன்று. நூற்ற பெண்ணுக்கு அதில் பங்கில்லை, வோட்டில்லை. நல்லவர்கள் மேலிருந்து அவளுக்காக முடிவு செய்தார்கள். நம் நாட்டில் 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி திரூரில் தோன்றிய விவசாயிகள் கடன் சங்கமும், 1905இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய நெசவாளர் சங்கமும் வேறு வழியில் வந்தவை. அங்கே கடன் வாங்குகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் ஒருவரே. நம் வழியே உறுதியானது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பஞ்சை வாசலில் கொண்டு தந்து நூலை வாசலிலேயே எடை போட்ட ஊழியரைப் போன்றவர்கள் நம் சங்கங்களில் எத்தனை பேர் என்று எவரேனும் கேட்டால், விரல் மடக்கி எண்ணுவதற்குச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அய்யாமுத்து பிற்காலத்தில் நம்மோடு ஒத்துப் போனவருமல்லர். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாநாடு, நிலங்களை ஒன்று சேர்த்துக் கூட்டுறவு முறையில் சாகுபடி செய்வதே வருங்கால ஏற்பாடு என்று தீர்மானித்தது. அதை எதிர்த்து ராஜாஜி அவர்கள் அவ்வாண்டிலேயே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். வாழ்நாளெல்லாம் காங்கிரஸ்காரராயிருந்த அய்யாமுத்து, ராஜாஜியைப் பின்பற்றி அப்பக்கம் சென்றார். ‘கூட்டுறவு’ என்ற சொல்லைத் தலைப்பிலே தாங்கிய பத்திரிகையில் இவரைப் போற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். போற்றலாம் என்பதே நம் எண்ணம். பரஞ்சேர்வழிக் காட்டிலே பிறந்து பிற்காலத்தில் தாமும் உழவில் ஈடுபட்டவர், தன் வரப்புக்கு மேல் பிறர் உத்தரவு வருவதை விரும்பாததில் விந்தையில்லை. நம் பக்கத்திலும் நிலத்தைச் சேர்த்து உழும் சங்கங்கள் நிலைக்கவில்லை. விதையும் உரமும் கடனும் தரும் சங்கங்களே நிலைத்தன. பருத்திக் காட்டை அவரவர் உழுது, விளைச்சலை விற்கும்போது மட்டும் ஒன்றுகூடுவது போதும் என்று பூலாம்பாடி விவசாயி நினைத்தால், அவரைக் கூட்டுறவின் விரோதி என்று நாம் சொல்லுவோமா?

அவருடைய நூல்களுள் இரண்டு, நான் பன்முறை எண்ணிப் பார்த்தவை. ஒன்று ‘நான் கண்ட பெரியார்’. மற்றொன்று ராஜாஜியைத் தம் தந்தை என்று தலைப்பிலேயே கூறுவது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டு அரசியலில் எதிரெதிரே நின்ற இருவர் அவர்கள். மேடையில் மோதிக்கொண்டவர்கள், தனி வாழ்வில் நண்பர்கள். இவ்விருவரோடும் பழகி, இருவரிடமும் வேறுபட்டு, இருவரையும் நன்றியோடு எழுதி வைத்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் பெயருக்குப் பின்னால் ஏதேனும் ஒரு கட்சிப் பெயரை ஒட்டுவது இயலாது. அதனாலேயே எக்கட்சியாரும் அவருக்கு ஆண்டுதோறும் விழா எடுப்பதில்லை போலும்.

வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் வட்டாரத்துப் பருத்தி மூட்டை மூட்டையாக வெளியூர் ஆலைகளுக்குப் போகிறது. ஆயினும் பூலாம்பாடிக் காட்டுப் பஞ்சு ஜெயங்கொண்டத்துத் தறிக்கு நேரே போவதில்லை. இடையில் எத்தனை கைகள் என்று விளைவித்தவருக்கும் தெரியாது, நெய்தவருக்கும் தெரியாது. பஞ்சு போன வழியை வில்லடித்தவரிலிருந்து வேட்டி கட்டியவர் வரை பெயர் சொல்லிக் கூறக்கூடிய ஏற்பாடு ஒன்று இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. அதைத் திருப்பூரில் உட்கார்ந்து நடத்திய காரியதரிசிகளுள் பரஞ்சேர்வழிக்காரர் ஒருவர்.

1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தார். அவ்வாண்டில்தான் ‘எனது நினைவுகள்’ அச்சாகி வெளிவந்தது. அதை எழுதியவருக்கு அப்போது வயது எழுபத்தைந்து. மெசபடோமியாவுக்குப் போய்த் திரும்பி அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1975 டிசம்பரில் கோவை அய்யாமுத்து அவர்களும் மறைந்தார்.